முகத்தில் பனிக்குடச் சவ்வு: லேசர், பீல் சிகிச்சைக்குப் பின் தோல் ஆற ஒரு முழுமையான வழிகாட்டி

உறையைப் பிரித்து இடுக்கியால் எடுக்கும்போது அது வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். வெளுப்பாக, எடையே இல்லாமல், பக்கத்தில் மூச்சு விட்டாலே மடங்கிக்கொள்ளும். லேசர் முடிந்து ஈரமாகச் சிவந்திருக்கும் கன்னத்தில் ஒரு ஓரத்தைத் தொடவைத்தால் போதும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெல்லப் படியும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போலாகி அடியில் உள்ள சிவப்பு அப்படியே தெரியும். ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தடவக்கூடாது.

இப்படி உலர்த்திப் பதப்படுத்தி வருவது, யாரோ ஒரு தாய் தானமாகக் கொடுத்த பனிக்குடத்தின் உள்சவ்வு. அழகுச் சிகிச்சை நிலையங்களில் இப்போது இதற்கு நல்ல கிராக்கி. புண்ணுக்குப் போடும் கட்டு என்ற அளவில் இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. இளமையைத் திருப்பித் தரும் திரவம், சுருக்கத்தைப் போக்கும் ஊசி என்று இதே திசுவை வேறு வேறு வடிவத்தில் விற்கும்போதுதான் சிக்கல். எது எதுவென்று பிரித்துப் பார்த்து, வேண்டும் என்றால் எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

'பனிக்குடம் உடைந்துவிட்டது' என்று பிரசவ வலியின்போது சொல்வார்களே, அந்தக் குடத்தின் சுவர் இரண்டு அடுக்குகளால் ஆனது. குழந்தையின் பக்கம் இருப்பது ஆம்னியன், வெளியே இருப்பது கோரியான். இவற்றோடு நச்சுக்கொடி, தொப்புள்கொடி, அந்தக் கொடிக்குள் கொழகொழவென்று இருக்கும் வார்ட்டன் ஜெல்லி, குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிநீர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிரசவத் திசு என்கிறார்கள். நச்சுக்கொடி என்று நஞ்சின் பெயரைச் சுமந்து நிற்பது மருந்தாக விற்பனைக்கு வருவது மொழி பார்த்த வேடிக்கைகளில் ஒன்று.

தோல் சிகிச்சையில் அதிகம் பயன்படுவது ஆம்னியன். பொதுவாக 0.02 முதல் 0.5 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ஒற்றை வரிசைச் செல்கள், அதற்கடியில் உறுதியான அடித்தளச் சவ்வு, அதற்கும் கீழே கொலாஜன் பின்னல். லாமினின், ஃபைப்ரோனெக்டின், ஹயலுரானிக் அமிலம் போன்றவை இதில் இயல்பாகவே உண்டு. புதிதாக வளரும் தோல் செல் ஊர்ந்து போக ஒரு தளம் வேண்டும். அந்தத் தளத்தோடு இதற்கு நிறைய ஒற்றுமை. இன்னொருவர் உடலில் வைத்தாலும் பெரிய எதிர்ப்பு வருவது அரிது. அழற்சியையும் தணிக்கிறது.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. 1910-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிஸ் என்ற அறுவை மருத்துவர் தோல் ஒட்டுக்கு இந்தச் சவ்வை முயன்று பார்த்தார். 1913-இல் தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் போட்டார்கள். 1940-இல் கண்ணுக்குப் போனது. இடையில் மறக்கப்பட்டு, 1990-களில் கண் மருத்துவர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். கண்ணின் மேற்பரப்புப் புண், தீக்காயம், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண் ஆகிய மூன்றிலும் இதற்கு நல்ல அனுபவம் சேர்ந்திருக்கிறது. அழகுச் சிகிச்சை கடைசியாக வந்து வரிசையில் நின்றது. அங்கே கிடைக்கும் ஆதாரம் பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஒப்பீடுகள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: உங்களுக்கு வரப்போவது எவ்வளவு ஆழமான புண்?

சிகிச்சையின் பெயரைக் கேட்பதைவிட ஆழத்தைக் கேளுங்கள். லேசான பீல் (அமிலம் பூசித் தோலை உரிக்கும் சிகிச்சை) போட்டால் மேல்தோல் உரியும், அவ்வளவுதான். அதற்குச் சவ்வு போடுவது சிராய்ப்புக்கு மாவுக்கட்டுப் போடுவது மாதிரி. சாதாரண மைக்ரோநீட்லிங்கில் ஊசி போன துளைகள் சீக்கிரமே, பெரும்பாலும் ஒரு நாளுக்குள், மூடிக்கொள்ளும். அதற்கும் தேவையில்லை.

ஃபிராக்‌ஷனல் சிஓ2 லேசர் வேறு கதை. 10,600 நானோமீட்டர் அலைநீளக் கதிர் தோலில் உள்ள நீரை ஆவியாக்கி, நுண்ணிய தூண்கள் போலத் துளை போடுகிறது. துளைகளுக்கு நடுவே நல்ல தோல் மிச்சம் இருப்பதால் பொதுவாக ஒரு வாரத்துக்குள் மேல்தோல் மூடிக்கொள்ளும். முகம் முழுக்க மேல்பரப்பை எடுத்துவிடும் பழைய வகை லேசரும் ஆழமான பீலும் அதைவிடக் கடுமை. ஒன்று முதல் இரண்டு வாரம் வரை திறந்த புண்தான். சிவப்பு மறைய மாதக்கணக்கில்கூட ஆகலாம். சவ்வைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் இருப்பது இந்த லேசர்களிலும் ஆழமான பீலிலும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றியின் தோலில் சின்னச் சின்னப் புண்கள் ஏற்படுத்தி, சிலவற்றை மூடி ஈரமாக வைத்தார், சிலவற்றைக் காற்றில் காயவிட்டார். ஈரமாக இருந்தவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. அவர் மூடியது வெறும் பிளாஸ்டிக் படலத்தால். அதாவது, சவ்வு தரும் பலனில் ஒரு நல்ல பங்கு 'ஈரமாக மூடி வைத்தல்' என்ற எளிய வேலையால் வருவது. அதே வேலையை வாசலினும் நல்ல சிலிகோன் கட்டும் செய்யும். ஆகவே 'சவ்வு போட்டால் ஆறும், போடாவிட்டால் ஆறாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியாயமாகக் கேட்க வேண்டியது, 'வாசலினை விட எவ்வளவு கூடுதல்?' என்பதுதான்.

படி 2: எந்த வடிவத்தில் தருகிறார்கள்?

என்னைக் கேட்டால், முழு வழிகாட்டியில் முக்கியமான படி இது. ஒரே திசு, ஆனால் வடிவம் மாற மாற அபாயமும் மாறுகிறது.

முதலாவது, புண்ணின் மேல் விரிக்கும் தாள். உலர்ந்ததாகவோ உறைய வைத்ததாகவோ வரும். அடைப்பது, மூடுவது, காப்பது என்று தாயின் வயிற்றில் செய்த வேலையையே இங்கேயும் செய்கிறது. இதில் பயப்பட அதிகம் இல்லை.

இரண்டாவது, அரைத்துப் பொடியாக்கியது. உப்பு நீரில் கலந்து குழைத்துப் பூசுவார்கள், சிலர் ஊசியாகவும் போடுவார்கள். பூசுவதற்கும் போடுவதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

மூன்றாவது, பனிநீர், தொப்புள்கொடி ரத்தம், வார்ட்டன் ஜெல்லி என்று குப்பியில் வரும் திரவம். கூடவே 'ஸ்டெம் செல்', 'எக்ஸோசோம்' (செல்கள் வெளியிடும் நுண்ணிய பைகள்) என்ற பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்த ஒரு தயாரிப்பை மூட்டு, முதுகு வலிக்கு ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். திறக்காத குப்பிகளிலேயே கிருமி இருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எக்ஸோசோம் தயாரிப்புகளைப் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது, அப்படி எதற்கும் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்றும் சொன்னது. வேறொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உலர்த்திக் கதிர்வீச்சில் சுத்திகரித்த சவ்வில் உயிருள்ள செல் இருக்காது. அதை 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று விற்றால், விற்பவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நான்காவது, ஜாடியில் வரும் க்ரீமும் சீரமும். 'பிளசென்டா' என்று மேலே எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஆடு, பன்றி, குதிரையின் நச்சுக்கொடியிலிருந்து எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மனிதத் திசுவை அழகுசாதனப் பொருளில் சேர்ப்பதற்கே தடை இருக்கிறது. ஆகவே 'தான திசு' என்ற பேச்சுக்கும் இந்த ஜாடிகளுக்கும் பெரும்பாலும் உறவே இல்லை.

மைக்ரோநீட்லிங் செய்யும்போதே ஏதாவது சீரத்தைத் துளை வழியே உள்ளே தள்ளுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தோலின் மேல் பூசச் செய்த பொருள் வேறு, தோலுக்குள் போகச் செய்த பொருள் வேறு. 2014-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில், மைக்ரோநீட்லிங்கோடு மேலே சீரம் பூசிக்கொண்ட மூன்று பெண்களுக்கு முகத்தில் தடித்த, ஆறாத அழற்சி முடிச்சுகள் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது பிரசவத் திசு இல்லை, மேலே பூசும் சாதாரணச் சீரம்தான். அதற்கே அந்த நிலை.

ஜப்பானில் மனித நச்சுக்கொடிச் சாறு ஊசி நீண்ட காலமாகப் புழக்கத்தில் உண்டு. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் 2006 முதல் ரத்த தானம் வாங்குவதில்லை. யாருக்கும் நோய் வந்ததாகக் கண்டு எடுத்த முடிவு இல்லை அது; சோதனையில் பிடிபடாத தொற்று ஏதாவது இருந்துவிட்டால் என்ற முன்ஜாக்கிரதை. ஊசிக்கும் மேல்பூச்சுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும்.

இனி வருவது எல்லாம் முதல் வகைக்கு, அதாவது மேலே விரிக்கும் சவ்வுக்கு மட்டும்.

படி 3: உறையைப் படியுங்கள், கேள்வி கேளுங்கள்

சவ்வு பெரும்பாலும் முன்கூட்டியே நாள் குறித்த சிசேரியனில் இருந்து எடுக்கப்படுகிறது. இயல்பான பிரசவத்தில் வழியிலேயே கிருமி ஒட்ட வாய்ப்பு அதிகம். குழந்தை பிறந்து, நச்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் எடுக்கிறார்கள் என்பதால் தாய்க்கோ குழந்தைக்கோ கூடுதல் வலியோ இழப்போ இல்லை. தாயின் எழுத்துப்பூர்வமான சம்மதம் பிரசவத்துக்கு முன்பே வாங்கப்பட வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குத் தாயின் ரத்தம் சோதிக்கப்படும். சில திசு வங்கிகள் திசுவை ஆறு மாதம் ஒதுக்கி வைத்து, தாயை மறுபடி சோதித்த பிறகே வெளியே விடும். மற்றவை கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை செய்து அந்தக் காத்திருப்பைக் குறைத்துக்கொள்ளும்.

பிறகு கழுவி, ஆன்டிபயாட்டிக் கரைசலில் ஊறவைத்து, ஒன்று மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள், அல்லது உலர்த்தி, பெரும்பாலும் காமா கதிரில் சுத்திகரித்து உறையிடுவார்கள். உலர்ந்தது அறை வெப்பத்தில் வருடக்கணக்கில் இருக்கும். உறைய வைத்ததை உருக்கிவிட்டால் மறுபடி உறைய வைக்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்தால் என்ன கேட்பது என்பது தானாக வரும். எந்த வங்கியிலிருந்து வந்தது? தானம் செய்தவரின் பெயர் தெரியாமல் அவரைக் கண்டுபிடிக்க உதவும் அடையாள எண் உறையில் இருக்கிறதா? காலாவதித் தேதி என்ன? எப்படிச் சுத்திகரித்தது? உங்கள் நாட்டில் இதற்கு அனுமதி உண்டா, எதற்காக உண்டு? உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அதோடு வரும் ஸ்டிக்கர்களில் ஒன்று உங்கள் மருத்துவக் குறிப்பில் ஒட்டப்பட வேண்டும், அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற்றால், உங்களைத் தேடி வர அந்த எண்தான் வழி. கேட்டதற்கு முகம் சுளிக்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

படி 4: உங்கள் பக்கத்தைச் சரிபார்ப்பது

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை (பதப்படுத்தும்போது பயன்படுத்திய ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்றவற்றின் எச்சம் சவ்வில் இருக்கலாம்), உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கர்ப்பம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள். ஹெர்பிஸ் இருந்தவருக்கு லேசருக்கு முன்பே தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். இதை விட்டுவிட்டு எவ்வளவு உயர்ந்த சவ்வைப் போட்டாலும் பயனில்லை. மூடிய கட்டுக்கு அடியில் அந்தக் கொப்புளம் பரவினால் தழும்பில்தான் முடியும்.

மாநிறமும் கறுப்பும் உள்ள தோலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நமக்கு வரும் பெரிய தொல்லை ஆறாமல் போவது இல்லை, ஆறிய பிறகு கறுத்துப் போவது. ஆழமான லேசருக்கு அப்புறம் இது அடிக்கடி நடப்பது. அழற்சி குறைந்தால் கறுப்பும் குறையும் என்ற கணக்கில் சவ்வு உதவலாம். உறுதியான காப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லேசரின் அளவைக் குறைத்து வைப்பதும் வெயிலைத் தவிர்ப்பதும் அதைவிடப் பெரிய காப்பு.

இன்னொருவர் திசு என் முகத்தில் வேண்டாம் என்று மனமோ மதமோ தடுத்தால், அதுவும் நியாயமான காரணம்தான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: சிகிச்சை நாளன்று

இது மருத்துவர் கையால் நடப்பது. வீட்டில் வாங்கி வைத்து நீங்களே ஒட்டிக்கொள்ளும் பொருள் இல்லை. ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. லேசர் முடிந்ததும் கருகிய துகள்களை உப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பார்கள். ரத்தக் கசிவு நிற்க வேண்டும், ரத்தம் கட்டிய இடத்தில் சவ்வு படியாது. மரத்துப் போகப் போட்ட களிம்பும் எண்ணெய்ப் பசையும் முழுக்கப் போயிருக்க வேண்டும்.

சவ்வுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. சில தயாரிப்புகளில் எழுத்தை அழுத்திப் பதித்திருப்பார்கள். எழுத்து நேராகத் தெரிந்தால் சரியான பக்கம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். மூக்கோரம், உதட்டோரம் போன்ற வளைவுகளில் ஒரே துண்டாகப் போட்டால் தூக்கிக்கொள்ளும், சிறு துண்டுகளாக நறுக்கி ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறும்படி வைப்பார்கள். அடியில் காற்றுக் குமிழோ நீரோ தங்கினால் ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி வெளியேற்றுவார்கள். அதன்மேல் ஒட்டாத வகைக் கட்டு. முகம் முழுக்கப் போடுவதைவிட, ஆழமாக லேசர் பட்ட இடங்களில் மட்டும் போடுவதுதான் எனக்குச் சரியாகத் தெரிகிறது. பணமும் மிச்சம், மற்ற இடத்தில் வாசலினே போதும்.

படி 6: அடுத்த பத்து நாள்

முதல் நாள் எரிச்சல் இருக்கும், வெயிலில் நன்றாகச் சுட்டுக்கொண்ட மாதிரி. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும், கண்ணைச் சுற்றி அதிகம். தலையணையை உயர்த்தி, மல்லாந்து படுங்கள். குப்புறப் படுத்தால் காலையில் சவ்வு தலையணை உறையில் இருக்கும்.

மேல்கட்டை எப்போது எடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை எடுத்தாலும் சவ்வைத் தொடாதீர்கள். முகம் கழுவ வேண்டாம், சவ்வு இல்லாத இடத்தை மட்டும் சுத்தமான நீரில் நனைத்த துணியால் ஒற்றிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் வாக்கில் ஓரங்கள் காய்ந்து, பழுப்பேறி, மீன் செதில் போலத் தூக்கும். பிடித்து இழுக்கக் கை துடிக்கும். அடியில் புதுத்தோல் இன்னும் அரைகுறையாகத்தான் ஒட்டியிருக்கிறது, இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். தொங்கும் ஓரத்தைச் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிடலாம், அவ்வளவுதான் அனுமதி. ஒரு வாரத்தை ஒட்டி, கரைந்தது போக மிச்சம் தானாக உதிரும்.

உதிர்ந்த பிறகு இளஞ்சிவப்பாக, பளபளப்பாக ஒரு தோல் தெரியும். சவ்வின் வேலை அதோடு முடிந்தது. இனி உங்கள் வேலை. மணமில்லாத சாதாரண ஈரக்களிம்பு. தோல் முழுக்க மூடியபின் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், மாநிறத்தவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுப்பைத் தூண்டும், அதை நிறமில்லாத வகை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ரெட்டினால், வைட்டமின் சி, பழ அமிலம், ஸ்க்ரப் எதுவும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

படி 7: எப்போது உடனே போக வேண்டும்

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கூடத் தொடங்கினால் அதுதான் முதல் அபாய மணி. சவ்வுக்கு அடியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கலங்கித் தேங்குவது, நாற்றம், கொத்தாகக் கொப்புளம், காய்ச்சல், சிவப்பு சிகிச்சை செய்த எல்லையைத் தாண்டிப் பரவுவது, பொறுக்க முடியாத அரிப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். தெளிந்த, லேசான மஞ்சள் நீர் முதல் இரண்டு நாள் கசிவது இயல்பு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது போதாது, சவ்வைத் தூக்கிப் பார்த்து, தேவையானால் மாதிரி எடுத்துச் சோதிக்க ஆள் வேண்டும்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருவில் இருக்கும் சிசுவின் தோல் கிழிந்தால் ஆரம்ப மாதங்களில் தழும்பே இல்லாமல் ஆறும் என்பது உண்மை. விளம்பரங்கள் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, அதைச் சுற்றியிருந்த சவ்வைப் போட்டால் உங்களுக்கும் அப்படியே ஆறும் என்கின்றன. அந்தத் திறமை சிசுவின் தோலுக்கு உரியது. சவ்வைப் போட்டதும் பெரியவரின் தோல் சிசுத்தோலாகிவிடாது.

ஆகவே நீங்களே பாருங்கள். பல அமர்வுகள் தேவைப்படும் சிகிச்சை என்றால், முதல் அமர்வில் ஒரு கன்னத்தில் சவ்வும் மறு கன்னத்தில் வழக்கமான வாசலின் கட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதைத்தான்; இரண்டு பக்கமும் ஒரே ஆள், ஒரே லேசர், ஒரே வெயில். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரே ஜன்னல் பக்கம் அதே நேரத்தில் நின்று இரண்டு கன்னத்தையும் படம் எடுங்கள். ஒரு மாதப் படத்தை விட்டுவிடாதீர்கள், கறுப்பு தலைகாட்டுவது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். எந்தக் கன்னத்தில் சவ்வு போட்டது என்று தெரியாத ஒருவரிடம் படங்களைக் காட்டி எந்தப் பக்கம் நன்றாக ஆறியிருக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்கினால், அடுத்த அமர்வுக்கு வாசலினே போதும்.